தெற்குப் பார்த்த வீடு

கந்தர்வக்கோட்டைப் போர்டுப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போக வேண்டும் என்று உத்தரவு வந்த அன்றைக்கே, இலுப்பூர் வீட்டை விற்றுவிடுவது என்று அமிர்தவல்லி முடிவு செய்துவிட்டாள். நயா பைசா வந்து, அணாவுக்கு எத்தனை என்று ஊரே குழம்பிக்கொண்டிருந்த கோடை அது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. கணவர் சொக்கநாதன் புதுக்கோட்டை சமஸ்தானத்து ரெவின்யூ ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர்தான் ஆசைப்பட்டு அந்த வீட்டைக் கட்டினார். குடிவந்து இரண்டு வருஷம் நிறைவதற்குள், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அதே வருஷத்தில், டைபாய்டு காய்ச்சலில் பத்தொன்பது நாள் படுத்திருந்து, கூடத்தை ஒட்டிய அறையில் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக அமிர்தவல்லி அங்கே தனியாக இருந்தாள். காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயந்திரம் வந்து அதையே சாப்பிட்டுவிட்டு நோட்டுத் திருத்துவாள். வீட்டை விற்பதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உத்தரவைப் படித்தபோது, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன லீவு ஒரு வழியாகக் கிடைத்தது போலத்தான் இருந்தது.

தரகர் அடைக்கலம் மறுநாளே வந்துவிட்டார். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் குடை. வீட்டை முன்னும் பின்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கூடத்தில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இப்ப இருக்கிற மேனிக்குக் காட்டுனா ஒரு பய வாங்க மாட்டான். ஓடு மாத்தணும். உள்ளயும் வெளியயும் வெள்ளை அடிக்கணும். கெணறு தூர் வாரணும். கொல்லையில மண்டிக் கெடக்கிற முள்ள வெட்டணும். கதவு நெலைக்கெல்லாம் முந்திரிக்கொட்டை எண்ண போடணும். பொண்ணு பாக்க வாராகன்னா மூஞ்சியக் கழுவிப் பொட்டு வைக்கிறதில்லையா, அது மாதிரி."

"செஞ்சிருவோம்ண்ணே. ஆளுக்குச் சொல்லுங்க."

"ஆளு கெடக்கட்டும். இன்னொண்ணு இருக்கு." அடைக்கலம் குரலைத் தாழ்த்தினார். "இது தெக்குப் பாத்த வாசல். போதாததுக்கு, இந்த வீடு ஆளத் தின்ன வீடுன்னு தெருவுல ஒரு பேச்சு இருக்குங்க. ஒங்க காதுக்கு வந்திருக்கோ என்னமோ."

வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் வளர்த்த கன்றுக்குட்டி ஒரு மழைக்காலத்தில் அமிர்தவல்லியின் கொல்லையில் விழுந்து செத்தபோதுகூட, வீட்டைத்தான் குற்றம் சொன்னார்கள். புருஷனும் போய், வயிற்றில் ஒன்றும் தங்காமல் ஒருத்தி குடியிருக்கும் வீடு. அதைச் சொல்லி, அந்த வாசலைத் தாண்டும்போது கர்ப்பிணிகளை எதிர்ச்சாரிக்கு நகர்ந்து நடக்கச் சொல்லும் வழக்கம்கூட அந்தத் தெருவில் இருந்தது. அமிர்தவல்லி அதைப் பார்த்தும் பாராதவள் போல இருந்து பழகிவிட்டாள்.

"அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க? வெள்ளை அடிச்சா அது போகுமா?"

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பேச வேண்டியத நான் பேசிக்கிறேன்" என்றார் அடைக்கலம்.

வேலைக்கு ஆவுடையப்பன் என்ற கொத்தனாரும் அவன் மனைவி மூக்காயியும் வந்தார்கள். மூக்காயிக்கு நிறைந்த வயிறு. அவளைப் பார்த்ததும் அமிர்தவல்லிக்குத் திக்கென்றது.

"என்னம்மா, எத்தன மாசம்?"

"எட்டுங்க டீச்சரம்மா."

"எட்டு மாசத்த வச்சுக்கிட்டா சுண்ணாம்பு தூக்க வந்த?"

"மூத்தவள ஆத்தா வீட்ல விட்டுட்டேங்க. நான் மட்டும் வீட்ல ஒக்காந்து எதைப் பாக்கப் போறேன்? கையும் காலும் ஓடிக்கிட்டிருந்தாத்தாங்க எனக்கு ஒடம்பு நல்லாருக்கும்."

திருப்பி அனுப்பினால் கூலி போகும். அமிர்தவல்லி யோசித்து, அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கொடுத்தாள். இறக்கி வைத்த ஓடுகளில் நல்லதை ஒரு பக்கம், உடைந்ததை ஒரு பக்கம் பிரித்து அடுக்குவது, பாத்திரம் விளக்குவது, பழைய சாமான்களைத் தூசி தட்டுவது. எதிர்ச்சாரியில் நடக்க வேண்டிய கர்ப்பிணி ஒருத்தி வீட்டுக்குள்ளேயே வந்து சாவதானமாக உட்கார்ந்திருப்பதைப் பொன்னம்மாள் வேலிக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாள். மூக்காயி அயலூர்க்காரி. தெருப்பேச்சு அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், "எனக்கு நெழல் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாள் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ஓட்டுக்கு அடியில் இருந்து அணில் கூடு, கோலிக்குண்டு, மழையில் ஊறிய ஒரு பஞ்சாங்கம் எல்லாம் வந்தன. பரண்மேல் பதினான்கு வருஷத்துப் பரீட்சைப் பேப்பர் கட்டுக் கட்டாக இருந்தது. ஏன் இதையெல்லாம் வைத்திருந்தோம் என்று அமிர்தவல்லிக்கே விளங்கவில்லை. கொல்லையில் குவித்துக் கொளுத்தினாள். மூக்காயி அந்த நெருப்பிலேயே இரண்டு சோளக்கதிரைச் சுட்டு, ஒன்றை அவளிடம் நீட்டினாள். சொக்கநாதனின் இரண்டு கோட்டும் ஆவுடையப்பனுக்குப் போயின. கோடையிலும் அவன் ஒன்றை மாட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்கத் தெருக்கோடி வரை நடந்து காட்டிவிட்டு வந்தான். அமிர்தவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கோட்டைப் பார்த்து அழுத காலமும் உண்டு. அது எப்போது நின்றது என்று நினைவில்லை.

கிணறு தூர் வாரியும் ஒரு குறை தீரவில்லை. சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆனி பிறந்த பிறகுதான் சரியாகும். மேற்குச் சுவரும் அப்படித்தான். எத்தனை தரம் பூசினாலும் ஐப்பசி அடைமழையில் ஓர் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறும்.

வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்து முடித்திருந்தபோது அடைக்கலம் ஆள் கூட்டி வந்தார். ரத்தினவேல் என்று கடலை மண்டி வைத்திருப்பவர். கூட அவர் மனைவி சொர்ணம். அவர்கள் இருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் கேட்டுவிட்டாராம். ரத்தினவேல் ஓட்டையும் உத்தரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். சொர்ணம் எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய் புகை எப்படிப் போகும் என்று பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். பெரிய உடம்பு; நிதானமான நடை.

"தண்ணி எப்புடிங்க?" என்று கேட்டாள்.

"குடிச்சுப் பாருங்களேன், கல்கண்டு மாதிரி" என்று அடைக்கலம் முந்திக்கொண்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

அது காலையில் அவர் ஊருணியிலிருந்து ஆள் விட்டு எடுத்து வந்து, அடுப்படியில் நிரப்பி வைத்த தண்ணீர். குடத்தை இறக்கும்போதே அமிர்தவல்லி ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். தெரிந்தும் கேட்கவில்லை. சொர்ணம் அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"ஒங்க வீட்டுக்காரரு எங்கிட்டுத் தவறுனாரு?" என்று ரத்தினவேல் மரியாதையாகக் கேட்டார்.

"திருச்சி பெரியாஸ்பத்திரியிலங்க. இங்க இல்ல" என்றார் அடைக்கலம்.

அமிர்தவல்லி அதைத் திருத்தவில்லை. பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறவள் அவள். அவர்கள் பத்திரத்தை ஒரு தரம் எழுத்தரிடம் காட்டிவிட்டுத் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போன பிறகு, வெகு நேரம் அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

நான்கு நாள் கழித்து அடைக்கலம் குடையைத் தரையில் ஊன்றியபடி வந்து உட்கார்ந்தார்.

"கெட்டுது டீச்சரம்மா. அந்தம்மாகிட்ட யாரோ ஊதிட்டாக. பொன்னம்மாளாத்தான் இருக்கும். கோயில்ல பாத்தப்ப எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கு. வேண்டாம்னு சொல்லிட்டாக."

"சரி."

"சரின்னு விட்ற முடியுமா? ஒரு வழி இருக்கு. தெக்கு வாசல அடச்சிட்டு, கெழக்குச் செவர ஒடச்சு ஒரு வாசல் வச்சிருவோம். அப்ப அது வேற வீடு ஆயிரும். பழைய பேச்சு ஒட்டாது."

"அண்ணே, அவரு செத்தது டைபாய்டுல. வாசப்படி அவரக் கொல்லல. ஒரு நல்ல சுவத்த ஒடச்சு அந்தப் பேச்ச நானே நெசமாக்கணுமா?"

"அப்ப எப்புடி விக்கிறது?"

"விக்காட்டிப் பூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் அமிர்தவல்லி. அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, ஆளில்லாத வீட்டுக் கூரையைக் கந்தர்வக்கோட்டையில் இருந்துகொண்டு எப்படிக் காப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஆவுடையப்பன் ஏணியில் நின்று கூடத்துக்குள் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். மூக்காயி அறையின் நிலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. சொர்ணம், தனியாக, கையில் மஞ்சள் பையோடு நின்றாள்.

"பத்திரத்தக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். அவுகதான் வாரேன்னாக. நான்தான், டீச்சர் கையில நானே குடுக்கிறேன்னு சொன்னேன்."

"வாங்க, ஒக்காருங்க."

"ஒக்காரல. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்றேன்—"

அந்த வார்த்தை அப்போது வரவில்லை. அறை வாசலில் "அம்மா" என்று ஒரு முனகல் கேட்டது. மூக்காயி ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் ஈரச் சுவரையும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். காலடியில் தரை நனைந்திருந்தது.

"எட்டு மாசம்னியே" என்றாள் அமிர்தவல்லி, பதறிப்போய்.

"கணக்குத் தப்பிப்போச்சுங்க" என்றாள் மூக்காயி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆவுடையப்பன் ஏணியிலிருந்து குதித்த வேகத்தில் சுண்ணாம்பு வாளி கவிழ்ந்தது. நர்ஸம்மா புதுக்கோட்டைக்குப் போயிருப்பதாகத் தெருவில் யாரோ சொன்னார்கள். மருத்துவச்சி இருப்பது ஊருக்கு அந்தப் பக்கம். வண்டி பிடிக்க அவன் ஓடினான்.

சொர்ணம் கையிலிருந்த பையை ஆணியில் மாட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூக்காயியின் பக்கத்தில் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டாவதா? அப்ப வண்டி வர்ற வரைக்கும் இது நிக்காது. டீச்சர், வெந்நீர் போடுங்க. பழைய சேல இருந்தா நாலு எடுங்க. புது பிளேடு இருக்கா?"

"இருக்கு. பென்சில் சீவ வச்சிருக்கேன்."

"கொதிக்கிற தண்ணியில போடுங்க. நூலும் போடுங்க."

பதினான்கு வருஷம் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவள், அந்த ஒரு மணி நேரம் சொர்ணம் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஓலை பற்ற மறுத்தது, ஊதினாள். கிணற்றில் வாளி வாளியாக இறைத்தாள். மூக்காயியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவளுடைய விரல்கள் முறிந்துவிடும் போலிருந்தன. சொக்கநாதன் படுத்திருந்த அதே அறை. அது ஒரு தரம் மனதில் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அங்கே அப்போது அதற்கு இடம் இல்லை.

மருத்துவச்சி வண்டியிலிருந்து இறங்கும்போது குழந்தை அழும் சத்தம் தெருவுக்கே கேட்டது. பெண் குழந்தை. மருத்துவச்சி உள்ளே வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க?" என்று சொர்ணத்தைக் கேட்டாள்.

வேலை முடிந்து இரண்டு பேரும் கிணற்றடிக்கு வந்தார்கள். அமிர்தவல்லி இறைத்து ஊற்ற, சொர்ணம் முழங்கை வரை கழுவினாள், முகத்தைக் கழுவினாள், கையில் ஏந்தி ஒரு வாய் கொப்பளித்தாள். கொப்பளித்தவள் அப்படியே நின்றாள். மறுபடி ஒரு கை ஏந்தி, இந்தத் தடவை விழுங்கிப் பார்த்தாள்.

"அன்னிக்குக் குடிச்ச தண்ணி இது இல்லையே."

அமிர்தவல்லி வாளியைக் கீழே வைத்தாள்.

"இல்லக்கா. அது ஊருணித் தண்ணி. தரகர் கொண்டாந்து வச்சாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

சொர்ணம் கையில் மிச்சமிருந்த தண்ணீரை உதறினாள்.

"இது சித்திர, வைகாசி ரெண்டு மாசமும் கரிக்கும். மத்த நாள்ல நல்லாருக்கும். மேக்குச் செவரு ஐப்பசியில ஓதம் எடுக்கும், எத்தன பூசுனாலும் நிக்காது. அடுப்படி மூலையில கரையான் ஒரு தரம் வந்திருக்கு. எங்க வீட்டுக்காரரு திருச்சியில சாகல. இப்ப அந்தப் பொண்ணு படுத்திருக்கே, அதே ரூம்லதான் செத்தாரு. பத்தொன்பது நாளும் நான்தான் பாத்தேன். கடைசி நாள்கூட, ஒடம்பு நல்லானதும் கொல்லையில எலுமிச்ச வைக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. நீங்க வேண்டாம்னு சொன்னது சரிதான். அதுக்காகச் சொல்லல. சொல்லாம இருந்தது எனக்கு ஒரு வாரமா முள்ளு மாதிரி இருந்திச்சு."

சொர்ணம் துவைகல்லில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வந்தது எதுக்குத் தெரியுமா? இதக் கேக்கத்தான். அவரு இங்க செத்தாருன்னு பொன்னம்மா சொல்லுச்சு. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. எங்க மாமனாரு, மாமியா, மூத்தாரு எல்லாரும் வீட்லதான் போனாக. வீட்ல சாகாம மனுஷன் ரோட்லயா சாவான்? ஆனா, ஏன் மறைச்சாக? ஒண்ண மறைச்சவுக இன்னும் எத்தனைய மறைச்சிருப்பாக? அதான் எனக்குப் பயமாப்போச்சு. தெக்கு வாசலுக்குப் பயந்துக்கிட்டுப் போகல நான்."

"எனக்குப் புரியுது."

"வேற என்ன குத்தம் இருக்கு? எல்லாத்தையும் காட்டுங்க."

எழுந்தாள். அமிர்தவல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கரையான் ஏறிய மூலை. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சாத்த வராத கொல்லைக் கதவு. காற்றுக் காலத்தில் நகரும் வரிசை ஓடு. தான் இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. குறைகளைச் சொல்லச் சொல்ல நல்லதும் தானாக வந்தது: இந்த ஜன்னலைத் திறந்தால் பங்குனியில்கூடக் காற்று வரும், அடுப்படியில் ஒரு பொட்டுப் புகை நிற்காது. சொர்ணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மூக்காயி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அமிர்தவல்லியின் பழைய வாயல் சேலையில் சுற்றி, குழந்தை.

"பத்திரம் என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொர்ணம் மெதுவாகச் சொன்னாள். "அவுககிட்ட நான் பேசிக்கிறேன்."

மூக்காயியை உடனே வண்டியில் ஏற்றக்கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். பத்து நாள் இங்கேயே இருக்கட்டும் என்று அமிர்தவல்லி சொல்லிவிட்டாள். கொத்தனார் பெண்டாட்டிக்குக் கூடத்து அறையில் தீட்டா என்று தெருவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் மூன்றாம் நாள் பொன்னம்மாளே வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் பூண்டும் பனைவெல்லமும் இருந்தன.

"இந்த வீட்லயும் புள்ள சத்தம் கேட்டிருச்சு பாத்தியா" என்று மோவாயில் விரலை வைத்தாள். "அதுவும் பொம்பளப் புள்ள. மகாலெச்சுமி தானா நடந்து வந்திருக்கு. வாசலு தெக்கா இருந்தா என்ன, வடக்கா இருந்தா என்ன?"

இத்தனை வருஷம் அந்தப் பேச்சை வளர்த்தவள் அவள்தான். அதை இப்படி ஒரு வாக்கியத்தில் அவளே முடித்துவைத்ததைப் பார்த்து அமிர்தவல்லிக்குக் கோபம்கூட வரவில்லை. "ஒக்காருங்க, காப்பி போடுறேன்" என்றாள்.

அடைக்கலமும் ஓடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "டீச்சரம்மா, ராசியான வீடுன்னு சந்தை பூரா பேச்சு. ராப்பூசல் ஊர்க்காரரு ஒருத்தரு பாக்கணுங்கிறாரு. வெலையக் கொஞ்சம் ஏத்திச் சொல்லவா?"

"வேண்டாம்ண்ணே. நேத்தே ரத்தினவேல் அண்ணன் வந்து பேசி முடிச்சிட்டாரு. மொதல்ல சொன்ன வெலைதான். தண்ணி கரிக்கும்னு தெரிஞ்சுதான் வாங்குறாரு."

"அதையும் சொல்லிட்டீங்களா?" அடைக்கலம் தலையில் கை வைத்தார்.

"ஒங்களுக்குள்ளத ஒங்களுக்குக் குடுத்திர்றேன். கவலப்படாதீங்க."

அதைக் கேட்டதும் அவர் கொஞ்சம் தெளிந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, அதன் நெற்றியில் தன் திருநீற்றையே எடுத்துப் பூசிவிட்டுப் போனார்.

ஆவுடையப்பன் மிச்சமிருந்த சுவருக்கும் வெள்ளை அடித்து முடித்தான். ஈரச் சுவரில் மூக்காயி பிடித்திருந்த கைத்தடம் அப்படியே பதிந்திருந்தது. அதன் மேலும் இரண்டு பூச்சு பூசி மறைத்துவிட்டு, வேலை சுத்தமாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டான். குழந்தைக்கு அமிர்தவல்லி என்றே பேர் வைக்கலாம் என்று இருந்தது அவனுக்கு. அமிர்தவல்லி ஒப்புக்கொள்ளவில்லை.

"அத்தன நீளப் பேரு வேண்டாம் கொத்தனாரே. ஒண்ணாங் கிளாஸ்ல சிலேட்டு பத்தாது, புள்ள அழுகும். சின்னதா வைங்க."

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க டீச்சரம்மா" என்றாள் மூக்காயி.

"மீனாள்னு வைங்க. மூணே எழுத்து."

பதினொன்றாம் நாள் மீனாள் வண்டியேறித் தன் ஆத்தாளின் ஆத்தா வீட்டுக்குப் போனாள். அந்த வாரமே பத்திரமும் பதிவாயிற்று. எழுத்தர் வாசிக்க வாசிக்க, ரத்தினவேல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சொர்ணம், "கெணறு, கொல்ல, எல்லாம் இதுல வந்திருச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது அவர்கள் பால் காய்ச்சுவதாக இருந்தது. அமிர்தவல்லி அதற்கு முந்தின நாளே சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்து ஆயா வீட்டில் தங்கிக்கொண்டாள். பால் காய்ச்சும் வேளைக்குத் தான் அங்கே போய் நிற்கக்கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாக எந்த நல்ல காரியத்துக்கும் எல்லாம் முடிந்த பிறகு போய், சீக்கிரமே திரும்புகிறவள். அன்றைக்கும் ஒன்பது மணிக்கு மேல் போய்ச் சொல்லிக்கொண்டு, அப்படியே பஸ் ஏறலாம் என்றிருந்தாள்.

ஏழரை மணிக்கே சொர்ணத்தின் மகள் வந்து நின்றாள். "டீச்சர், அம்மா கையோட கூட்டியாரச் சொன்னாக. நீங்க வந்தாத்தான் அடுப்பு பத்த வைப்பாகளாம்."

"நான் பொறவு வாரேன்மா."

"அதத்தான் நீங்க சொல்வீகன்னு அம்மா சொன்னாக. விடாம இழுத்துக்கிட்டு வரச் சொன்னாக."

போனாள். வாசலில் கோலம். கூடத்தில் சொர்ணத்தின் உறவினர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு வயதான அம்மாள் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் அதைக் கவனிக்காதவள் போல, "இங்கிட்டு வாங்க டீச்சர், என் பக்கத்துல நில்லுங்க" என்றாள். அமிர்தவல்லி நின்றாள். முதலில் கால் கூசியது. புது அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது, எல்லோரும் எட்டிப் பார்த்ததுபோல அவளும் எட்டிப் பார்த்தாள்.

பதினோரு மணிக்குப் பந்தி போட்டார்கள். கிளம்புகிறேன் என்று சொன்னவளை, சொர்ணம் தோளைப் பிடித்து அழுத்தி முதல் வரிசையில் உட்கார வைத்தாள். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தாள். பருப்பும் நெய்யும், அதன் பிறகு சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், மாங்காய்ப் பச்சடி, வடை. தான் சமைக்காத சோறு, சூடாக, ஒருவர் பரிமாற ஒருவர் பின்னால் வந்துகொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் இத்தனை வருஷம் இருந்தும், இப்படி உட்கார்ந்து வேறொருவர் கையால் வாங்கிச் சாப்பிட்டதே இல்லை என்பது அவளுக்கு இரண்டாம் தரம் சோறு வாங்கும்போதுதான் உறைத்தது. பக்கத்து இலையில் பொன்னம்மாள், வடை நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொர்ணம் பாயசச் செம்போடு வந்து குனிந்தாள். "இன்னும் கொஞ்சம் விடவா?"

"பஸ்சுல போகணும்க்கா."

"மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கே. அதுக்குள்ள செரிச்சிரும்."

அமிர்தவல்லி கையால் மறிக்காமல் இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"விடுங்க" என்றாள்.